வனவிலங்கு சர்வே கத்துக்கிடணும், நேச்சுரலிஸ்ட் கோர்ஸ்ல காசு கட்டி சேரலாமா? (குமரி மாவட்டம்)

பூதப்பாண்டிக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். நான் பூதப்பாண்டி பக்கமாக்கும். பிஎஸ்சி விலங்கியல் முடிச்சிட்டு இப்பம் நாகர்கோவில்ல ஒரு லேப்ல வேல பாக்கேன். காட்டு மிருகம் கணக்கெடுப்பு, மானிட்டரிங் எல்லாம் முறையா கத்துக்கிடணும்னு ரொம்ப நாளா ஆச. காலேஜ்ல கரப்பான்பூச்சி, தவள, வகைப்பாடுன்னு நிறைய படிச்சோம், ஆனா களத்துல நின்னு ஒரு மிருகத்த எப்படி எண்ணுறதுன்னு ஒரு வகுப்பு கூட வைக்கல.

வேற மாவட்டத்துல பத்து நாள் நேச்சுரலிஸ்ட் கோர்ஸ் ஒண்ணு வருது, காட்டு ஓரத்துல தங்கி ட்ரான்செக்ட் நடக்கது, கேமரா ட்ராப் (மிருகம் வந்தா தானா படம் எடுக்குற கேமரா) வைக்கது, தடம் எச்சம் பாக்கது எல்லாம் நேரடியா செய்ய வைப்போம்னு போட்டிருக்காங்க. பீஸ் எனக்கு ஒரு மாச சம்பளத்துக்கு மேல வருது. அம்மா "காட்டுல போயி எண்ணிட்டு வந்து என்னத்துக்கு மக்ளே"ன்னு கேக்காங்க. அதுக்கும் ஒரு பதில் வேணும்.

இன்னொண்ணு. காளிகேசம் போற வழில மூணு கருமந்தி பாத்தேன்னு வைங்க, அத வச்சு அந்தக் காட்டுல மொத்தம் எத்தன இருக்குன்னு எப்படி சொல்லுகாங்க? கண்ணுல படாம விட்டத எப்படி எண்ணுகாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோதையாறு மழை:

தங்கச்சி, நீ கடைசில கேட்டிருக்கியே, மொத்த சப்ஜெக்ட்டும் அதுக்குள்ளதான் இருக்கு. நான் புலி கணக்கெடுப்புல களப்பணியாளா வேல பாத்தவன், அதனால கொஞ்சம் நீட்டியே எழுதுகேன்.

லைன் ட்ரான்செக்ட்னா காட்டுக்குள்ள நேரா ஒரு கோடு, பொதுவா 2 கிலோமீட்டர். வெள்ளென, வெளிச்சம் வந்ததும் பைய நடக்கணும். ஒரு மிருகத்தப் பாத்தா என்ன இனம், கூட்டத்துல எத்தன, நீ நிக்குற இடத்துல இருந்து எவ்வளவு தூரம், நீ நடக்குற திசைக்கும் அது நிக்குற திசைக்கும் எத்தன டிகிரி, இவ்வளவும் எழுதணும். தூரத்துக்கு ரேஞ்ச்ஃபைண்டர், திசைக்கு காம்பஸ். 40 மீட்டர்ல, 30 டிகிரில ஒரு மிளா (கடமான்) நிக்குதுன்னா கோட்டுல இருந்து அது செங்குத்தா 20 மீட்டர் தள்ளி நிக்குதுன்னு கணக்கு வரும், பத்தாங்கிளாஸ்ல படிச்ச சைன்தான். இப்படி நிறைய பாத்து முடிஞ்ச பொறவு, கோட்டுக்குப் பக்கத்துல நிறைய பாத்திருப்போம், தள்ளிப் போகப் போக குறைவா பாத்திருப்போம், அந்தக் குறையுற வேகத்துல இருந்துதான் நம்ம கண்ணுல படாம எத்தன போயிருக்கும்னு கணக்குப் போடுகாங்க. அதனாலதான் தூரத்த கண் மதிப்பா அடிச்சு விடப்பிடாது, 38னா 38தான், எல்லாத்தையும் 40, 50ன்னு உருட்டுனா அந்தக் கணக்கே கோணிப்போகும். கோடும் ரோட்டையோ யானத்தாரையையோ ஓடக்கரையையோ ஒட்டிப் போகப்பிடாது. சில மிருகம் அந்த வழியத் தேடி வரும், சிலது ஒதுங்கிப் போகும், ரெண்டுமே எண்ணிக்கையக் கெடுக்கும்.

முக்கியமா, நடந்துட்டு ஒண்ணையும் பாக்கலன்னா அதையும் எழுதணும். எத்தன மணிக்குத் தொடங்கி எத்தன மணிக்கு முடிச்சோம், எவ்வளவு நடந்தோம், பாத்தது பூச்சியம்னு. புதுசா வர்ற பிள்ளைங்க இதத்தான் எழுதாம விட்டுருவாங்க. பூச்சியம் இல்லாத கணக்கு கணக்கே கிடையாது.

புலிக்கு வேற வழி. முன்ன கால்தடத்த வரஞ்சு எடுத்து எண்ணிட்டு இருந்தாங்க. ராஜஸ்தான்ல சரிஸ்காவுல புலியே மிச்சம் இல்லன்னு 2004-05ல தெரிஞ்ச பொறவுதான் அந்த முறைய விட்டாங்க. 2006ல இருந்து நாலு வருஷத்துக்கு ஒருக்கா கேமரா, தடம், ட்ரான்செக்ட் எல்லாம் சேந்த முற. ஒரே இடத்துல ரெண்டு பக்கமும் கேமரா வைக்கது எதுக்குன்னா புலிக்கு இடது பக்கத்து வரியும் வலது பக்கத்து வரியும் ஒண்ணு போல இருக்காது. 2022 கணக்குல போட்டோல தனித்தனியா அடையாளம் கண்டது 3,080 புலி, மதிப்பீடு 3,682. நடுவுல இருக்குற வித்தியாசம்தான் நீ கேட்ட "கண்ணுல படாம விட்டது".

கோர்ஸ் விஷயம். பீஸ் கட்டுறதுக்கு முன்ன போன் பண்ணிக் கேளு: ஒரு ஆசிரியருக்கு எத்தன பேரு? டேட்டா ஷீட்ட நானே நிரப்புவேனா இல்ல அவங்க எழுதுறதப் பாத்துட்டு நிக்கணுமா? சாயங்காலம் அந்த டேட்டாவ கம்ப்யூட்டர்ல ஏத்தி கணக்கு போடுறது வரைக்கும் சொல்லித் தருவாங்களா? வனத்துறை அனுமதி வாங்கியிருக்காங்களா? இதுக்கு நேரா பதில் சொன்னா கண்ண மூடிட்டு சேரு. ஜீப்ல கூட்டிட்டுப் போயி யானையக் காட்டிட்டு சர்டிபிகேட் தர்றதா இருந்தா அந்தக் காசுல நல்ல 8×42 பைனாக்குலர் வாங்கு.

தேரூர் டீச்சர்:

கோதையாறு தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஆனா மக்ளே, கோர்ஸ் வர்ற வரைக்கும் சும்மா இருக்கண்டாம். பூதப்பாண்டில இருந்து தேரூர் குளம் எவ்வளவு தூரம்? சுசீந்திரம்-தேரூர் சதுப்புநிலமும் வேம்பனூரும் 2022ல ராம்சார் பட்டியல்ல வந்தாச்சு. உலக அளவுல முக்கியம்னு சொல்லுற இடம் பஸ்ஸுல போற தூரத்துல கிடக்கு.

மாசா மாசம் ஒரே கரை, ஒரே நேரம், ஒரே அளவு நேரம், இந்த மூணையும் மாத்தாத. காலம்பற போனா சூரியன் முதுகுக்குப் பின்னால இருக்குற மாதிரி நில்லு, இல்லன்னா நீர்க்காகமும் தாழைக்கோழியும் எல்லாம் கருப்பாத்தான் தெரியும். ரெண்டு பேரா போனா ஒருத்தர் எண்ணணும், ஒருத்தர் எழுதணும். கூழைக்கடா பெரிசு, ஒண்ணொண்ணா எண்ணிரலாம். சிறகிக் கூட்டம் பறந்தா பத்து எப்படி இருக்கும்னு கண்ணுல பிடிச்சிட்டு பத்து பத்தா எண்ணு. தாமரை மண்டிக் கிடக்குற பக்கம் இலைக்கோழி மறஞ்சு நிக்கும், அதனால தாமரை எந்த அளவுக்கு மூடியிருக்குன்னும் குறிச்சு வை. அந்த மாசம் எண்ணிக்க குறஞ்சா பறவை குறஞ்சுதா இல்ல மறைப்பு கூடிச்சான்னு பொறவு தெரியணும்ல.

மணக்குடி காயல்ல வேற பாடம். தண்ணி வத்தி சேறு வெளிய தெரியுற நேரத்துல உள்ளான் எல்லாம் இறங்கி மேயும், ஏறுன நேரத்துல போனா ஒண்ணும் இருக்காது. பொழி, அதான் காயல் கடலோட சேருற மணல் வாய், முறிஞ்சிருக்கா அடஞ்சிருக்கான்னு மொத வரில எழுதணும், பொழி முறிஞ்சா காயல் தண்ணி சட்டுன்னு இறங்கிரும், அந்த மாசக் கணக்க அடஞ்சிருந்த மாசத்தோட அப்படியே ஒப்பிட முடியாது. புத்தளம் உப்பளத்தையும் சேத்துக்கோ.

எழுதுனத ஈபேர்ட்ல, அதான் பறவைப் பதிவு போடுற இணையதளத்துல, ஏத்து. பாத்த எல்லாப் பறவையையும் பதிஞ்சியான்னு அதுல கேக்கும், ஆமான்னு சொல்ற மாதிரியே எப்பவும் பதியணும், காக்காவையும் மைனாவையும் விடாம. ஜனவரில ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 1987ல இருந்து நடக்குது. வனத்துறையும் ஒரே நேரக் கணக்கெடுப்பு வைக்கும்போது தன்னார்வலரச் சேப்பாங்க. பக்கத்துல மணிமுத்தாறுல ஏட்ரீங்கிற ஆராய்ச்சி நிறுவனத்தோட அகத்தியமலை மையம் 2011ல இருந்து தாமிரபரணி நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துது, அதுல சேந்தா தெரிஞ்சவங்க கூட நின்னு எண்ணிப் பழகலாம், பீஸ் பிரச்சினையே இல்ல.

உங்க அம்மாகிட்ட இப்படிச் சொல்லு. இந்தக் குளத்துக்கு இத்தன பறவை வந்துச்சுன்னு வருஷக்கணக்கா எழுதி வச்சது இருந்தாத்தான், நாளைக்கு ஒருத்தன் குளத்த மண் போட்டு நிரப்ப வரும்போது நம்ம கைல காட்ட ஒரு ஆதாரம் இருக்கும்.

கடையாலுமூடு:

ஒரு காரியம் மட்டும். நம்ம மாவட்டத்துல காடு முக்காலும் சரணாலயம், 2008ல அறிவிச்சது, 402 சதுர கிலோமீட்டருக்கு மேல. சர்வே பழகுறேன்னு தனியா உள்ள போனா 1972 வனவிலங்குச் சட்டத்துல கேஸ். நாகர்கோவில் வன அலுவலர் ஆபீஸ்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கணும். யானை இருக்குற காடு, அதனால இந்தக் காட்டுப் பழங்குடியான காணிக்காரங்க யாராவது கூட இல்லாம நடக்கண்டாம். யானை நேத்து போச்சா இப்பம் போச்சான்னு ஒடிஞ்ச கம்பப் பாத்துச் சொல்லுவாங்க, அத எந்தக் கோர்ஸும் பத்து நாள்ல தராது. அவங்களுக்குரிய கூலியையும் மரியாதையையும் குடுத்து கூட்டிட்டுப் போங்க, ரிப்போர்ட்ல அவங்க பேரையும் போடுங்க.

பூதப்பாண்டிக்காரி:

டீச்சர், அண்ணே, ரொம்ப நன்றி. போன் பண்ணிக் கேட்டேன், ஆறு பேருக்கு ஒரு ஆசிரியர், டேட்டா ஷீட் நாமளே நிரப்பணும், அனுமதி இருக்குன்னு சொன்னாங்க. இன்னும் ரெண்டு சந்தேகம். கோர்ஸ்ல யானைப் பிண்டத்த (சாணத்த) வச்சு யானைய எண்ணுறதுன்னு ஒரு நாள் போட்டிருக்கு, அது எப்படி? சர்வேக்கும் மானிட்டரிங்க்கும் என்ன வித்தியாசம், ரெண்டும் ஒண்ணு போலத்தானே கேக்குது?

கோதையாறு மழை:

நல்ல கோர்ஸாத்தான் தெரியுது, சேந்துரு.

பிண்டக் கணக்கு இப்படி. ட்ரான்செக்ட்ல பிண்டத்த எண்ணி ஒரு சதுர கிலோமீட்டருக்கு எத்தன கிடக்குன்னு கண்டுபிடிக்கணும். ஒரு யானை ஒரு நாளைக்கு எத்தன தடவ போடும், போட்டது மக்கி மறைய எத்தன நாள் ஆகும், இந்த ரெண்டும் தெரிஞ்சா யானை எண்ணிக்க வந்துரும். சிக்கல் அந்த மக்குற நாள்லதான். நமக்கு தென்மேற்கும் உண்டு வடகிழக்கும் உண்டு, மழைல பிண்டம் வேகமா கரஞ்சிரும், வண்டும் கரையானும் வேற. காஞ்ச காட்டுல அளந்த எண்ண இங்க கொண்டுவந்து போட்டா யானை இருக்குறத விடக் குறைவாக் காட்டும். அதனால புதுப் பிண்டத்துக்கு அடையாளம் வச்சு, திரும்பத் திரும்பப் போயி, அந்தக் காட்டுலேயே அந்தப் பருவத்துலேயே அளக்கணும். கோர்ஸ்ல மக்குற நாள எங்க அளந்தீங்கன்னு கேளு, ஆசிரியர் சந்தோஷப்படுவாரு.

ஒரு தடவ எண்ணுறது சர்வே. அதே முறைல, அதே இடத்துல, திரும்பத் திரும்ப எண்ணி மாற்றத்தப் பாக்குறது மானிட்டரிங். ஒரே மிருகத்தத் தொடர்ந்து பாக்குறதும் அதுல வரும். 2023 ஜூன்ல அரிக்கொம்பன்ங்கிற யானைய தேனிப் பக்கம் இருந்து கொண்டுவந்து அப்பர் கோதையார்ல விட்டாங்கல்ல, கழுத்துல ரேடியோ காலர் (இருக்குற இடத்தச் சொல்லுற பட்டை) வச்சு அது எங்க போகுது, ஊருக்குள்ள இறங்குதான்னு வனத்துறை பாத்துட்டே இருந்துச்சு, அது மானிட்டரிங். ஆனா அந்த ஒரு யானைய எவ்வளவு பாத்தாலும் அங்க மொத்தம் எத்தன யானைன்னு தெரியாது. என்ன கேள்விக்குப் பதில் வேணும்னு முடிவு பண்ணிட்டுத்தான் முறையத் தேர்ந்தெடுக்கணும்.

அருமநல்லூர்:

வேல பத்தி யாரும் சொல்லல, நான் சொல்லுகேன். பத்து நாள் சர்டிபிகேட்ட மட்டும் காட்டினா எங்கயும் வேல கிடைக்காது தங்கச்சி. புலிகள் காப்பகத்துலயும் ஆராய்ச்சி நிறுவனத்துலயும் கள உதவியாளர், ப்ராஜெக்ட் அசிஸ்டன்ட்னு எடுக்குறப்போ நீ என்ன டேட்டா எடுத்திருக்க, அத வச்சு என்ன சொல்லத் தெரியும்னுதான் பாப்பாங்க. டீச்சர் சொன்ன குளத்துக் கணக்கு ஒரு வருஷம் விடாம இருந்தா அதுவே பெரிய தகுதி. மேல படிக்கணும்னா மயிலாடுதுறை ஏ.வி.சி. காலேஜ்லயும் ஊட்டி அரசு கலைக் கல்லூரிலயும் வனவிலங்கு உயிரியல் எம்எஸ்சி இருக்கு. டேராடூன் வைல்ட்லைஃப் இன்ஸ்டிடியூட்டுக்கு நுழைவுத் தேர்வு உண்டு. லேப் வேலைய உடனே விடாத.

தேரூர் டீச்சர்:

கோர்ஸுக்கு முன்ன ஒரு ஞாயிறு தேரூர் வா மக்ளே, அம்மாவையும் கூட்டிட்டு வா. பைனாக்குலர் என்கிட்ட இருக்கு, நோட்டும் பென்சிலும் நீ கொண்டு வா. பேனா வேண்டாம், பனில எழுத்து கலங்கிரும்.