கீழ்வீட்டில் விக்கெட், என் மொபைலில் இன்னும் ரன்-அப்!

பெரம்பூர்வாசி:
கீழ்வீட்டுக்காரர் மொட்டை மாடியில் டிஷ் வைத்திருக்கிறார். நான் ஃபைபர் நெட்டில், ஆப் வழியாக மேட்ச் பார்க்கிறேன். அவர் "அவுட்!" என்று கத்தி அரை நிமிடம் கழித்துத்தான் இங்கே பவுலர் ஓடியே வருகிறார். 100 எம்பிபிஎஸ் பிளானை 300-க்கு மாற்றினால் சரியாகுமா? வீட்டம்மா சிரிக்கிறார்.

வயர்க்காரன்:
காசை வீணாக்காதீங்க தம்பி. வேகம் காரணமில்லை. ஆப்புக்கான வீடியோவைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டி, பல தரத்தில் என்கோட் செய்து (அதாவது சுருக்கி), சர்வர் சர்வராக அனுப்புகிறார்கள். பிளேயரும் நாலைந்து துண்டைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் ஓட ஆரம்பிக்கும். செயற்கைக்கோள் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரம். ஆனாலும் சிக்னல் ஏறி இறங்கக் கால் விநாடிதான். டிஷ்ஷிலும் என்கோடிங் தாமதம் உண்டு, ஆனால் இவ்வளவு இல்லை. 2003-ல் சென்னையில் கட்டணச் சேனலுக்கு பாக்ஸ் வந்த காலத்திலிருந்து வயர் இழுக்கிறேன், நம்புங்க.

மாடிவீடு:
ஐப்பசி வரட்டும். டிஷ்ஷுக்கு வரும் கேயூ பேண்ட் அலைவரிசை சிக்னல் கனமழையில் அடிபடும். அன்றைக்கு அவர் உங்கள் வீட்டுக்கு வருவார்.

பெரம்பூர்வாசி:
நன்றி அண்ணே. பிளானை மாற்றவில்லை. இப்போதைக்கு ஜன்னலைச் சாத்திவிட்டேன்.