பனியில் பத்து நிமிடம் நடந்தால் நொண்டுகிறான், பாதத்துக்கு என்ன செய்யலாம்?

சீனு வீடு:
எங்கள் நாய் சீனு காக்கர் ஸ்பேனியல், நாலு வயது. காலெல்லாம் முடி. போன கோடையில்தான் எங்களிடம் வந்தான், அதனால் அவனோடு இது எங்களுக்கு முதல் பனிக்காலம். பனி விழுந்த அன்று தலைகால் புரியாமல் ஓடினான். மூன்றாம் நாளிலிருந்து தெருவில் பத்து நிமிடம் நடப்பதற்குள் நின்றுவிடுகிறான். முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு என் முகத்தையே பார்க்கிறான். பதிமூன்று கிலோவைத் தூக்கிக்கொண்டு வீடு வந்து பார்த்தால், விரலிடுக்கில் கோலிக்குண்டு அளவுக்குப் பனி உருண்டைகள், முடியோடு சேர்ந்து இறுகிக் கிடக்கின்றன. ஒன்றைப் பிய்த்தேன், அலறிவிட்டான். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பாத மெத்தையின் ஓரம் சிவந்திருக்கிறது. ஓரிடத்தில் நூல் மாதிரி ஒரு வெடிப்பு. ராத்திரியெல்லாம் நக்குகிறான். பூட்ஸ் வாங்கிப் போட்டேன், அசையாமல் நின்றான். கெஞ்சி வெளியே கூட்டிப்போனால் ஒரு பூட்ஸ் கழன்று பனிக்குள் காணாமல் போய்விட்டது. வேஸ்லின் தடவலாமா? "ஓநாய் வெறுங்காலில்தானே நடக்கிறது, விடு" என்கிறார் என் கணவர். எனக்கு மனசு கேட்கவில்லை.

மூன்று நாய்களின் அம்மா:
உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரிதான். நாயின் பாதம் குளிரைத் தாங்கும். மெத்தைக்குள் கொழுப்பு இருக்கிறது. அதோடு, பாதத்துக்கு வரும் சூடான ரத்தக் குழாய்களைச் சுற்றி, குளிர்ந்த ரத்தம் திரும்பும் குழாய்கள் பின்னிக் கிடக்கின்றன. திரும்பும் ரத்தம் வழியிலேயே சூடேறிவிடும். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2011-இல் இதை விளக்கி எழுதினார்கள். ஆனால் ஓநாய் நடக்கும் காட்டில் யாரும் உப்புக் கொட்டுவதில்லை. நீங்கள் சொல்லும் சிவப்பு, வெடிப்பு, ராத்திரி நக்குவது மூன்றையும் பார்த்தால் எனக்கு முதல் சந்தேகம் தெரு உப்பின் மேல்தான்.

பனி உருகுவதற்காகக் கொட்டுவது எல்லா இடத்திலும் சாதா உப்பு இல்லை. கால்சியம் குளோரைடும் கலப்பார்கள். அது ஈரத்தில் கரையும்போது சூட்டைக் கக்கும். முடிக்குள் சிக்கி, ஈரத்தோடு தோலில் உட்கார்ந்தால் எரியாமல் என்ன செய்யும்? அதையே நக்கினால் வாந்தி, பேதி வரலாம்.

அதனால் வீட்டுக்குள் வந்ததும் கழுவுங்கள். வாசலில் ஒரு அகலப் பாத்திரத்தில் வெதுவெதுப்பான தண்ணீர், உங்கள் மணிக்கட்டுக்குச் சுடக் கூடாது. ஒவ்வொரு காலாக ஒரு நிமிடம் முக்கி வையுங்கள். பனி உருண்டை தானாகக் கரைந்து விழும், பிய்க்கவே வேண்டாம். அப்புறம் துடைப்பது. இதில்தான் எல்லோரும் அவசரப்படுவோம். விரலிடுக்கில் ஈரம் நின்றால் அங்கே வேறு புண் வரும். ஒவ்வொரு இடுக்கிலும் துண்டின் முனையை விட்டு ஒற்றி எடுங்கள்.

அடிப்பாத முடியை மெத்தை மட்டத்துக்கு வெட்டிவிடுங்கள். கத்தரி என்றால் முனை மழுங்கியதாக இருக்கட்டும். இடுக்குக்குள் ஆழமாக விட வேண்டாம். நகம் நீண்டிருந்தால் அதையும் பாருங்கள். நீண்ட நகம் விரலைப் பரப்பும், இடுக்கில் இன்னும் பனி ஏறும்.

வேஸ்லின் ஒன்றும் இல்லாததற்குத் தேவலை. ஆனால் வீட்டுத் தரையில் வழுக்கும், அவனும் நக்குவான். நான் தேன்மெழுகு கலந்த பாதக் களிம்பு போடுகிறேன். கிளம்பும் முன் மெல்லிசாக, விரலிடுக்கிலும். திரும்பி வந்ததும் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பும் அதிலேயே ஒட்டியிருக்கும். வெடிப்பு ஆழமானாலோ ரத்தம் கசிந்தாலோ களிம்போடு நிற்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கறுப்பனின் அப்பா:
பூட்ஸைக் கைவிடாதீர்கள் அக்கா. அலாஸ்காவில் ஆயிரம் மைல் ஓடும் இடிடரோட் பந்தயத்தில் ஒவ்வொரு நாய்க்கும் எட்டுக் காலுறை இருக்க வேண்டும் என்பது விதி. பனிக்கென்றே பிறந்த நாய்களுக்கே அப்படி!

அளவுதான் முக்கியம். ஒரு தாளில் முன்னங்காலை வைத்து, மற்ற காலைத் தூக்கிப் பிடியுங்கள். எடை இறங்கியதும் பாதம் விரியும், அப்போது சுற்றிக் கோடு போடுங்கள். பின்னங்கால் பெரும்பாலும் சிறியது, தனியாக அளக்க வேண்டும். பட்டையை நடுப்பாதத்தின் மேல் மணிக்கட்டை ஒட்டிக் கட்டுங்கள், கட்டைவிரல் நகத்தில் உரசாமல். ரொம்ப இறுக்கினால் ரத்தம் ஓடாது, பாதம் இன்னும் சில்லிட்டுப் போகும். முதலில் வீட்டுக்குள் ஒரே ஒரு பூட்ஸ், இரண்டு நிமிடம், பிடித்த தீனி. கறுப்பன் பழக எட்டு நாள் ஆனது.

இரவு நடை:
ஒன்றே ஒன்று. காருக்கு ஊற்றும் உறைபனித் தடுப்புத் திரவம் எங்காவது சிந்தியிருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகத்தைக் கொல்லும். பாதத்தில் பட்டு நக்கிவிட்டான் என்று தோன்றினால் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது, அப்போதே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

சீனு வீடு:
எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன். முடியை வெட்டினேன், இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. இப்போது உருண்டை ஒன்றிரண்டுதான் கட்டுகிறது, தண்ணீரில் கரைந்துவிடுகிறது. சிவப்பு அடங்கிவிட்டது. ராத்திரி நக்குவதும் நின்றது. வெடிப்பை மருத்துவரிடம் காட்டினேன், மேலோட்டமானதுதான், ஆறிவிடும் என்றார். உப்புக் கொட்டாத பின்பக்கப் பாதைக்கு மாறிவிட்டோம். பூட்ஸ் இன்னும் இரண்டு காலில்தான் ஏறியிருக்கிறது. நேற்று நடந்து வந்ததும் தானாகவே பாத்திரத்துப் பக்கம் போய் முன்னங்காலைத் தூக்கி நீட்டினான். என் கணவர்தான் கழுவிவிட்டார்.