கறுப்பின மக்களின் வரலாறு: அடுத்து எதைப் படிக்கலாம்?

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். டியா மைல்ஸ் எழுதிய 'ஆல் தட் ஷி கேரீட்' புத்தகத்தை நேற்று இரவுதான் முடித்தேன், 2021-இல் அமெரிக்காவின் தேசிய புத்தக விருது வாங்கியது. 1850களில் தென் கரோலினாவில் அடிமையாக இருந்த ஒன்பது வயது ஆஷ்லியைத் தனியாக விற்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அவள் அம்மா ரோஸ் ஒரு துணிப்பையில் கிழிந்த கவுன், மூன்று கைப்பிடி பீக்கன் கொட்டை, தன் தலைமுடிப் பின்னல் ஒன்று, இவ்வளவையும் வைத்துக் கொடுத்தனுப்புகிறாள். அப்புறம் இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. 1921-இல் ஆஷ்லியின் பேத்தி ரூத் அந்தப் பையிலேயே இதை நூலால் தைத்து எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது. மனசு இன்னும் அங்கேயே நிற்கிறது.

இதேபோல் சாதாரணக் குடும்பங்கள் வழியாகச் சொல்லும் வரலாறுதான் வேண்டும், தலைவர்களைப் பற்றியது இப்போதைக்கு வேண்டாம். இசபெல் வில்கர்சனின் 'தி வார்ம்த் ஆஃப் அதர் சன்ஸ்' (1915 முதல் 1970 வரை அமெரிக்காவின் தெற்கு மாநிலங்களை விட்டுக் கிளம்பிய சுமார் 60 லட்சம் கறுப்பினத்தவரின் கதை), அப்புறம் ஆனட் கார்டன்-ரீடுக்கு புலிட்சர் விருது வாங்கித் தந்த 'தி ஹெமிங்சஸ் ஆஃப் மான்டிசெல்லோ' (அதிபர் ஜெஃபர்சனின் பண்ணையில் அடிமைகளாக இருந்த ஹெமிங்ஸ் குடும்பத்தின் கதை), இரண்டும் கையில் இருக்கின்றன. எதை முதலில் எடுக்கலாம்? படித்தவர்கள் சொல்லுங்கள். 1865-இல் அடிமைமுறை ஒழிந்த பிறகு, விடுதலையானவர்கள் விற்கப்பட்ட பிள்ளைகளைச் செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்துத் தேடினார்களே, அதைப் பற்றி விருது பெற்ற புத்தகம் ஏதாவது தெரிந்தாலும் பெயரைப் போடுங்கள்.