புதுப்பிப்பு: உளவளத்துணைக்குப் (கவுன்சலிங்) போனேன்

மூன்று மாதம் முன் கேட்டிருந்தேன்: மழை இரவுகளில் நித்திரை இல்லை, போரில் யாழ்ப்பாணச் சனம் ஊரைவிட்டு வெளியேறிய 1995 இடப்பெயர்வுதான் கண்ணுக்குள் நிற்கிறது, உளவளத்துணைக்குப் போனால் பழசைக் கிளறி இன்னும் கூடிவிடுமா என்று. "போங்கோ" என்றவர்களுக்கு நன்றி. போனேன்.

முதல் நாள் உளவளத்துணை தரும் அக்கா கதையைக் கேட்கவே இல்லை. நித்திரை, சாப்பாடு, மூச்சை ஆறுதலாக விடும் பயிற்சி, அவ்வளவுதான். நான்காம் முறைதான் வாய் திறந்தேன். ஒக்டோபர் 30 இரவு, நாவற்குழிப் பாலம், கொட்டும் மழை, நகர இடமில்லாத சனம். என் கையைப் பிடித்திருந்த அப்பம்மா விழுந்தார், எழும்பவே இல்லை. "இன்றைக்கு இது போதும்" என்றார் அக்கா.

அடுத்த கிழமை அதையே திரும்பச் சொன்னேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது: விழுவதற்கு முன் குடையைக் கவிழ்த்து மழைத்தண்ணீர் பிடித்து, எனக்குத்தான் முதலில் தந்தார். இத்தனை வருடமும் அவர் விழுந்தது மட்டுமே எனக்குள் இருந்தது.

தொடக்கத்தில் கனவு கூடியது உண்மை. அக்கா முன்பே சொல்லியிருந்தார். இப்போது குறைவு. ஆனால் தயவுசெய்து யாரையும் வற்புறுத்திச் சொல்ல வைக்காதீர்கள். அவசரமென்றால் 1926, இலங்கையின் தேசிய மனநல உதவி இலக்கம்.

நேற்றும் மழை. அம்மாவிடம் குடைக் கதையைச் சொன்னேன். அவர் குடையின் நிறத்தைச் சொன்னார்.