'நர்ஸ் பிளான்ட்' தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

சு.ம. (மதுரை):
அன்பர்களே, வணக்கம். அரிசோனாவின் சோனோரன் பாலைவனத்தில் கல்லூரி மாணவர்கள் செய்யும் களப்பயிற்சிக்கான கையேட்டைத் தமிழாக்குகிறேன். மூன்றாம் பயிற்சியில் மாட்டிக்கொண்டேன். ஒரு பாலோ வெர்டே மரத்தடியைச் சுற்றிக் கயிறு கட்டி, உள்ளே எத்தனை சாகுவாரோ கள்ளிக் கன்றுகள் என்று எண்ண வேண்டும். அப்புறம் அதே பரப்பளவு வெட்டவெளியில். எட்டு வயதுக் கன்றே ஒன்று, ஒன்றரை அங்குலம்தான். மண்டியிட்டுத் தேட வேண்டும். கிடைப்பது பெரும்பாலும் மரத்தடியில். அந்த மரம்தான் 'நர்ஸ் பிளான்ட்'. 'நிழற்செடி' என்று போட்டிருக்கிறேன். சரியா?

வே.க. (கோத்தகிரி):
எங்கள் பக்கம் நிழல் மரம் என்றால் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக். தவிர, நிழல் பாதி வேலைதான். குளிர்கால இரவில் உறைபனி தாக்காமல் கன்றைக் காப்பதும், எலி கண்ணில் படாமல் மறைப்பதும் அந்த மரமே. 'காப்புச்செடி'?

புலவர் இ.:
செவிலி இருக்கக் காப்பு எதற்கு? ஈன்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. பாலைத் திணையில் மகளைத் தேடிச் சுரத்தில், அதாவது வறண்ட பாலை வழியில், அலைபவளும் அவளே. 'செவிலித் தாவரம்' என்க. இன்னொன்று, 'பாலோ' என்பதே நம் பாலை மரத்தின் பெயர்தான் என்பது என் துணிபு.

வே.க.:
ஐயா, பாலோ ஸ்பானியச் சொல். கோல், கட்டை என்று பொருள். வெர்டே பச்சை. இலை உதிர்ந்தாலும் பச்சைப் பட்டையே உணவு தயாரிக்கும், அதனால் அந்தப் பெயர். பாலையை விட்டுவிடுங்கள்.

ந. (பினாங்கு):
எங்களுக்குச் செவிலி பாடப்புத்தகத்தில் வருபவள். மருத்துவமனையில் இருப்பவர் தாதி. 'தாதித் தாவரம்' என்றால் இங்கே உடனே புரியும், இலங்கையிலும்தான்.

புலவர் இ.:
தாதி வடசொல்.

ந.:
தாவரம் மட்டும் என்னவாம், ஐயா? ஸ்தாவரம்தானே!

புலவர் இ.:
ஒப்புக்கொள்கிறேன். 'செவிலி நிலைத்திணை'.

ப.ரா. (தாவரவியல் ஆசிரியை):
ஐயா, என் மாணவர்கள் பாவம். இன்று கரும்பலகையில் 'செவிலித் தாவரம்' என்று எழுதினேன். "மூலிகையா மிஸ்?" என்றான் ஒருவன். படம் வரைந்து விளக்கியதும் பின் பெஞ்சிலிருந்து "ஆயா மரம்!" அதன்பின் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. எனக்குத்தான் ஒன்று. கள்ளி பெரிதானதும் மழைநீரை முந்திக்கொண்டு உறிஞ்சுகிறது. மரம் நலிந்து பட்டுப்போவதும் உண்டு. வளர்த்தவளைச் சாகடிக்கும் பிள்ளைக்கு இலக்கியத்தில் இடம் உண்டா?

புலவர் இ.:
சாகடிப்பதில்லை, அம்மா, விட்டுப் போவதுண்டு. கலித்தொகை 9 பாருங்கள். காதலனுடன் போய்விட்ட மகளைத் தேடிவரும் செவிலியிடம் அந்தணர்கள் சொல்கிறார்கள்: சந்தனம் மலையில் பிறந்தாலும் பூசிக்கொள்பவருக்கே அன்றி மலைக்கு என்ன பயன்? உங்கள் கள்ளிக்கும் அதே நியாயம்தான்.

வே.க.:
அவள் போனாள், ஐயா. கள்ளி அங்கேயேதான் நிற்கிறது.

சு.ம.:
வியாழன் இரவு மணி 11. கை எண்ணிப் பார்த்ததில் 'செவிலித் தாவரம்' முன்னால் நிற்கிறது, அதையே அனுப்பிவிட்டேன். முதல் முறை வருமிடத்தில் 'தாதித் தாவரம் என்றும் வழங்கும்' என்று சேர்த்திருக்கிறேன், ந. அண்ணனுக்காக. ஆயா மரம் எனக்குப் பிடித்திருந்தது. துணிவில்லை.

ந.:
நன்றி தம்பி. இங்கே வகுப்பில் நான் தாதி என்றுதான் சொல்வேன்.

புலவர் இ.:
நிலைத்திணை என்னவாயிற்று?