ஷிஃப்ட் கிட் போட்ட பிறகு மூன்றாம் கியர் வழுக்குகிறது: லைன் பிரஷர் எங்கே குறைகிறது?

இரவுப்பட்டறை:
வணக்கம். என் வண்டியில் இருப்பது 4எல்60-இ வகை நான்கு கியர் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ். ஒரு மாதத்துக்கு முன் ஷிஃப்ட் கிட் (கியர் சட்டென்று மாறுவதற்கான மாற்றுப் பாகங்கள்) போடுவதற்காக வால்வ் பாடியை (ஆயிலைக் கிளட்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் பாகம்) இறக்கி, அதிலுள்ள செப்பரேட்டர் பிளேட்டின் ஆயில் துளைகளைப் பெரிதாக்கி, கியர் பிடிக்கும் அதிர்ச்சியைத் தணிக்கும் அக்குமுலேட்டர் ஸ்பிரிங்குகளை மாற்றி, புது ஃபில்டரும் புது ஆயிலும் போட்டு மூடினேன். முதல் சில நாட்கள் கியர் கச்சிதமாக மாறியது. அதன் பிறகு, வண்டி நன்றாகச் சூடேறிய நிலையில் அழுத்தி மிதித்தால், இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும் இடத்தில் இன்ஜின் 3,000-லிருந்து 3,800 ஆர்பிஎம் வரை சீறிவிட்டுத்தான் கியர் பிடிக்கிறது. வண்டி குளிர்ந்திருக்கும்போது இந்தத் தொல்லை இல்லை.

லைன் பிரஷரை, அதாவது கிளட்சுகளை அழுத்திப் பிடிக்கும் ஆயில் அழுத்தத்தைப் பார்க்க, பிரஷர் கேஜை நீளமான ஹோஸில் இணைத்து, முன்கண்ணாடிக்கு வெளியே வைப்பருக்கு அடியில் கட்டிக்கொண்டு ஓட்டிப் பார்த்தேன். ஐடிலில் 60 பிஎஸ்ஐ காட்டுகிறது. முக்கால்வாசி மிதித்தாலும் 130-ஐத் தாண்டவில்லை. ஆயில் அளவு சரியாக இருக்கிறது, ஃபால்ட் கோடு எதுவும் இல்லை. துளைகளைத்தான் அதிகமாகப் பெரிதாக்கிவிட்டேனோ என்ற சந்தேகத்தில், வால்வ் பாடியை மறுபடி இறக்க நினைக்கிறேன். எங்கிருந்து தொடங்குவது? அதே வாரக் கடைசியில் ஏர் ஃபில்டர் பெட்டியையும் இன்டேக் பைப்பையும் பெரிதாக மாற்றினேன். அது இன்ஜின் சங்கதி என்பதால் விவரம் எழுதவில்லை.

பழைய ஸ்பேனர்:
ஃபில்டர் மாற்றிய பிறகு பிரஷர் குறைந்தால் நான் முதலில் பார்ப்பது ஃபில்டர் கழுத்து சீலைத்தான். பழைய ஃபில்டரை இழுக்கும்போது சீல் பம்ப்பிலேயே தங்கிவிடும். அது தெரியாமல் புதியதை அதன்மேல் அழுத்தினால் ஃபில்டர் சரியாக உட்காராது, பம்ப் ஆயிலோடு காற்றையும் சேர்த்து உறிஞ்சும். நானே ஒரு முறை இப்படிச் செய்து, பேனை (அடியிலுள்ள ஆயில் தட்டை) இரண்டு தடவை கழற்றியிருக்கிறேன்.

வால்வ்பாடி:
சீல் விஷயம் பார்க்க வேண்டியதுதான், ஆனால் காற்று கலந்தால் கேஜ் முள் நடுங்கும், பம்ப்பிலிருந்து ஊளைச் சத்தம் வரும், ஆயிலில் நுரை தெரியும். இவற்றில் ஒன்றையும் நீங்கள் எழுதவில்லை. எனவே, எதையும் கழற்றுவதற்கு முன், குறை ஆயில் பாதையில் இருக்கிறதா, கம்ப்யூட்டர் கேட்கும் அளவே குறைவா என்பதைப் பிரித்தறியுங்கள்.

இந்த கியர்பாக்ஸில் லைன் பிரஷரை நிர்ணயிக்கும் சொலினாய்டுக்கு (மின்சாரத்தில் இயங்கும் வால்வ்) மின்னோட்டம் கூடினால் பிரஷர் குறையும், மின்னோட்டம் நின்றால் பிரஷர் உச்சத்துக்குப் போகும். வயர் அறுந்தாலும் கிளட்ச் கருகக் கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். ஏறத்தாழ 0.98 ஆம்பியரில் 55 முதல் 65 பிஎஸ்ஐயும், 0.6 ஆம்பியரில் 130 முதல் 145-உம், மின்னோட்டம் அறவே இல்லாதபோது 170 முதல் 190-உம் வர வேண்டும். கியர்பாக்ஸின் பெரிய கனெக்டரைக் கழற்றிவிட்டுக் கேஜைப் பாருங்கள். கியரை மாற்றும் ஷிஃப்ட் சொலினாய்டுகள் இரண்டும் அணைந்துவிடுவதால் டி-யில் வண்டி மூன்றாம் கியரில்தான் கிளம்பும், பயப்பட வேண்டாம். அப்போதும் பிரஷர் ஏறாவிட்டால் பம்ப், ரெகுலேட்டர் வால்வ், உறிஞ்சும் பாதை ஆகியவற்றில்தான் கோளாறு. ஏறிவிட்டால் பேனைத் தொடாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். பேண்ட் (டிரம்மைச் சுற்றி இறுக்கும் பட்டை) இரண்டாம், நான்காம் கியர்களில் பிடிக்கிறது. 3-4 கிளட்ச் மூன்றிலும் நான்கிலும் பிடிக்கிறது. இரண்டாம் கியர் வழுக்காமல் மூன்று மட்டும் வழுக்குவதால், அடி வாங்கிக்கொண்டிருப்பது அந்த 3-4 கிளட்ச்தான். காரணம் தெரியும் வரை அழுத்தி மிதிக்காதீர்கள்.

இரவுப்பட்டறை:
கனெக்டரைக் கழற்றியதும் முள் அசையாமல் 185-இல் நின்றது. பிறகு கனெக்டரை மாட்டி, ஸ்கேனரோடு ஓட்டிப் பார்த்தேன். முக்கால் மிதியில் கம்ப்யூட்டர் அனுப்பும் மின்னோட்டம் 0.65 ஆம்பியர், கேஜில் அதே 130.

வால்வ்பாடி:
அப்படியானால் கியர்பாக்ஸ் கேட்டதைக் கொடுக்கிறது. கேட்பதுதான் குறைவாக இருக்கிறது. அந்த மிதிக்கு மின்னோட்டம் 0.2-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். இன்ஜின் எவ்வளவு டார்க் தருகிறது என்பதைக் காற்றளவு சென்சாரை வைத்துத்தான் கம்ப்யூட்டர் கணக்கிடுகிறது, பிரஷரையும் அதற்கேற்பவே தீர்மானிக்கிறது. புது இன்டேக்கில் அந்த சென்சார் உட்காரும் குழாயின் உள்விட்டம் எவ்வளவு? நீண்டகால ஃபியூவல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் திருத்தம்) எவ்வளவு சதவீதம்?

இரவுப்பட்டறை:
பழையது 75 மில்லிமீட்டர், புதியது 82. ட்ரிம் கூட்டல் 19.

வால்வ்பாடி:
பரப்பளவு கிட்டத்தட்ட 1.2 மடங்காகியிருக்கிறது. அதே அளவு காற்று அகலமான குழாயில் மெதுவாகப் போவதால், சென்சார் ஏறக்குறைய 16 சதவீதம் குறைத்துச் சொல்கிறது. பெட்ரோல் பக்கத்தில் இந்தப் பிழையை ஆக்ஸிஜன் சென்சார் கண்டுபிடித்து ட்ரிம் மூலம் ஈடுகட்டிவிடுகிறது. அதனால்தான் இன்ஜின் நன்றாக ஓடுகிறது, கோடும் விழவில்லை. லைன் பிரஷருக்கு அப்படிக் காவல் காக்கும் சென்சார் கிடையாது. கியர் மாறும் நேரத்தைப் பார்த்து கம்ப்யூட்டர் தானாகக் கொஞ்சம் கூட்டும், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. குளிர்ந்த ஆயில் கெட்டியாக இருப்பதால் சீல்களில் கசிவு குறைவு, கிளட்ச் எப்படியோ பிடித்துவிடுகிறது. சூடேறினால் அந்தச் சலுகை போய்விடுகிறது. பழைய குழாயை மாட்டுங்கள், அல்லது புதுக் குழாய்க்கேற்ப சென்சார் அட்டவணையைத் திருத்தச் சொல்லுங்கள். எதைச் செய்தாலும், கம்ப்யூட்டர் இதுவரை கற்றுவைத்த ஷிஃப்ட் மதிப்புகளை அழித்துவிடுங்கள். இல்லையென்றால் கியர் உதைத்துக்கொண்டு மாறும்.

இரவுப்பட்டறை:
பழைய குழாயைப் போட்டு, மதிப்புகளை அழித்தேன். ட்ரிம் 2-க்கு வந்துவிட்டது. அதே மிதிக்கு இப்போது 170 பிஎஸ்ஐ. ஆனால் நன்றாகச் சூடேறிய பிறகு, மூன்றுக்கு மாறும்போது இன்னும் 200 ஆர்பிஎம் அளவுக்குச் சீறுகிறது. டிப்ஸ்டிக்கை வெள்ளைத் துணியில் துடைத்தால் கறுப்பாக, மாவு போன்ற துகள் ஒட்டுகிறது. கருகல் வாடையும் இருக்கிறது.

பழைய ஸ்பேனர்:
சீலைச் சந்தேகித்தது என் தவறு. அந்தக் கறுப்பு மாவு 3-4 கிளட்ச் தட்டுகளின் உராய்வுப் பூச்சுதான். ஒரு மாதம் வழுக்கியே ஓடியதில் பூச்சு பளபளத்துப் போயிருக்கும். இனி 190 பிஎஸ்ஐ கொடுத்தாலும் அது பழையபடி பிடிக்காது. ஆயில் மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்று தோன்றும், அதில் பயனில்லை. கியர்பாக்ஸை இறக்கி, அந்தக் கிளட்ச் இருக்கும் இன்புட் டிரம்மைத் திறந்து தட்டுகளை மாற்றுங்கள். பிஸ்டன் சீலையும் கூடவே மாற்றிவிடுங்கள். கூலர் பைப்பைக் கழுவாமல் மூடாதீர்கள், இந்த மாவு அங்கேயும் போயிருக்கும்.