ட்ரிகர் அழுத்தினா மோட்டர் சுத்துதில்ல

வெள்ளவத்தைப் பெடியன்:
அண்ணைமார் ஒருக்கா பாத்துச் சொல்லுங்கோ. என்ர எலக்ட்ரிக் எயார்சொஃப்ட் துவக்கு (பிளாஸ்ரிக் குண்டு அடிக்கிற விளையாட்டுத் துவக்கு), வேர்ஷன் 2 கியர்பொக்ஸ் (உள்ளுக்க இருக்கிற பல்லுச்சில்லுப் பெட்டி), போன கிழமை வரைக்கும் நல்லா அடிச்சது, இப்ப நாலைஞ்சு தரம் அழுத்தினா ஒருக்கா சுத்துது மற்ற நேரம் ஒரு சத்தமும் இல்ல. 7.4 வோல்ட் லிப்போ பற்றறி, மீட்டரில 8.3 காட்டுது. மோட்டர் பழுதாப் போச்சுதோ?

கரிக்கை:
தம்பி அவசரப்பட்டு மோட்டர் வாங்காதேங்கோ. இடைக்கிட சுத்துதெண்டா பியூஸ் இல்ல, பியூஸ் போனா ஒருக்காவும் சுத்தாது. எனக்கு ட்ரிகர் கொண்டாக்டில, அதான் அழுத்தேக்க தொட்டு கரண்ட் விடுற தகட்டிலதான் சந்தேகம், ஒவ்வொரு தரம் அழுத்தேக்கயும் அந்தத் தகட்டில பொறி பறந்து கரி பிடிக்கும், லிப்போ போட்டா இன்னும் கெதியா. முதல்ல மகசினைக் கழட்டி உள்ளுக்க நிக்கிற குண்டை அடிச்சு வெளியேத்திப்போட்டு பற்றறியக் கழட்டுங்கோ. பிறகு மோட்டரை வெளியில எடுத்து பற்றறியில நேரா ஒரு செக்கன் தொட்டுப் பாருங்கோ, சுத்தினா மோட்டர் சரி. கியர்பொக்ஸ் திறக்க முதல் ஸ்பிரிங்கை ஸ்குரூட்ரைவரால அமத்திப் பிடிக்கோணும், எனக்கு ஒருக்கா பறந்து அலுமாரிக்குப் பின்னால போய் ரெண்டு நாள் தேடினனான்.

மொட்டைமாடி:
மோட்டர் வயர் முனைகளையும் பாருங்கோ, லூசா இருந்தாலும் இதே கதைதான்.

வெள்ளவத்தைப் பெடியன்:
கரிதான் அண்ணை! 1000 நம்பர் மண்கடதாசியால தேய்ச்சன், இப்ப சுத்துது.

கரிக்கை:
திரும்பவும் பிடிக்கும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் மொஸ்ஃபெட் (கரண்டை விட்டு நிப்பாட்டிற இலத்திரனியல் சுவிச்சு) ஒண்டு வாங்கிப் பூட்டினா பெரிய கரண்ட் ட்ரிகரால போகாது, சோல்டர் பிடிக்கத் தெரியுமோ?